சிலிர்க்காத கிடா

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் எனக்குப் பிடித்த பைத்தியம், புதிதாக ஓர் ஆட்டு இனத்தை உண்டாக்குவது. திருவொற்றியூருக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே எங்களுக்குக் கொஞ்சம் மணல் நிலம் இருந்தது. அதில் கத்தரி போட்டிருந்தோம். பகலில் கம்பெனி வேலை, மற்ற நேரமெல்லாம் ஆடு. ஒரே ஆடு பால் தரவேண்டும், கம்பளி தரவேண்டும், கறிக்கும் ஆகவேண்டும், போகிறபோக்கில் கத்தரிக்கு எருவும் போடவேண்டும். பேராசைதான். எங்கள் பக்கத்துச் சிவப்புச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. அதனால் மைசூர்ப் பக்கத்திலிருந்து புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு வந்து இறங்கிய ஒரு கம்பளிக் கிடாவை, கத்திக்குப் போகுமுன் பேரம் பேசி ஓட்டிவந்தேன்.

"இதுங்களுக்கு மாப்ள பாக்கவா இம்மாந்தூரம் போய்க்கினு வந்தே?" என்றாள் என் மனைவி.

அதற்குமேல் அவள் என் ஆராய்ச்சியை மதித்ததில்லை. ஆனால் புழுக்கை அள்ளியதும், தாய் சேர்க்காத குட்டிக்குப் பால் புகட்டியதும் அவள்தான். நான் மீசையை முறுக்கிக்கொண்டு குட்டிகளைத் தேர்வு செய்வேன், அவ்வளவுதான்.

தேர்வு என்றால் பெரிய சாஸ்திரமில்லை. கடலோரத்தில் ஆட்டுக்கு எமன் ஐப்பசி மழை. மழை கொட்டும்போது பட்டியைத் திறந்துவிட்டு நானும் நனைந்துகொண்டு நிற்பேன். உடம்பை உதறிக்கொண்டு ஓடுகிற குட்டி சந்தைக்குப் போகும். ஒன்றுமே நடக்காததுபோல் மேய்கிற குட்டி எனக்கு. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

சில வருஷங்கள் இப்படி நனைந்த பிறகு, நான் நினைத்த மாதிரியே ஒரு கிடா பிறந்து வளர்ந்தது. அடர்ந்த கம்பளி, தூண் மாதிரி கால், தும்மலே அறியாத மூக்கு. அதைப் பெட்டைகளோடு சேர்க்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்.

"நீ பொழச்சா அம்மனுக்குக் கிடா வெட்றதா நேர்ந்துகினேன்."

"எந்தக் கிடாவை?"

"அம்மனுக்குக் குடுக்கறப்போ சொத்தையையா குடுப்பாங்க?"

எனக்கு மறுபடியும் காய்ச்சல் வரும்போல் இருந்தது. அதற்கு ஒரு குட்டிகூட இன்னும் இல்லை; நேர்ந்துவிட்ட பிறகு பெட்டையோடு சேர்க்கவும் கூடாது. அது போனால் எல்லாமே போச்சு. ஆனால் என் உயிருக்குப் பதிலாகக் கேட்டதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? புட்டியில் பால் கொடுத்து வளர்த்த அவளும் அதன் முகத்தைப் பார்க்காமலே தழை போட்டாள்.

ஆடி மாதம் வந்தது. கோயிலில் மாலை போட்டு நிறுத்தி, பூசாரி அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலிர்த்தால்தான் அம்மன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அதன் பிறகே வெட்டுவார்கள். கிடா அசைபோட்டுக்கொண்டு நின்றது. இன்னொரு குடம் ஊற்றினார். அப்போதும் அசைபோட்டது. யாரோ அதன் காதில் ஊதினார்கள்.

"இன்னா நைனா, ஆட்டக் கொண்டாந்தியா, அம்மிக்கல்லக் கொண்டாந்தியா?" என்றார் பூசாரி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா வாணான்றா. அப்ப உன்னியத் திருப்பிக் கேக்கறாளா?"

என் பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ. "அம்மன் கேக்கல. தண்ணிக்கு அசையாத ஆடாப் பாத்துப் பாத்து வளத்தது நான்தான்," என்றேன்.

"அப்ப சிலிர்க்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரியுது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பூசாரி கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரை அப்படியே என் தலையில் கொட்டினாள். நோயில் கிடந்து எழுந்த உடம்பு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சிலிர்த்து உதறியது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயே, உத்தரவு குட்த்துட்டே. கிடாவுக்குப் பதிலா இந்த ஆளு இனிமே உன் ஆளு," என்று அவள் அழுதுகொண்டே கும்பிட்டாள். "வூட்ல வச்சி நான் வளத்துக்கறேன்."

ஒரு கையில் கிடாவின் கயிற்றையும் மறு கையில் என் மணிக்கட்டையும் பிடித்து, எங்கள் இருவரையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.