சூடேறாத பிரேக்

என் மனைவியின் இடது கை முழுதாக நீளாமல் போனதற்கு என் மேதாவித்தனம்தான் காரணம்.

பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில், கோவைப் பக்கம் பாழடைந்த விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து போய்வருபவன் நான். நாலு சுற்று ஓடியதும் பிரேக் சூடாகிப் பிடிப்பு விட்டுப்போகும். வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்து, எந்தச் சூட்டையும் தாங்கும் பந்தய லைனிங்கை, அதாவது பிரேக்கில் உரசிப் பிடிக்கும் பட்டையை, வரவழைத்து மாட்டினேன். சூடேறும்வரை அது சரியாகப் பிடிக்காது என்றும் எழுதியிருந்தது. குளிரெல்லாம் சீமைக்காரன் கவலை, பாலக்காட்டு வெயிலில் நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் மனைவியோடு மலைமேல் சாந்தன்பாறையிலுள்ள மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டு, பனி விலகுமுன் இறங்கினோம். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்ததுபோல் இருந்தது, வேகம் குறையவில்லை.

"ஏனுங்க, மெல்லப் போங்க!"

"நானும் அதைத்தான் சொல்றேன், கார் கேக்க மாட்டேங்குது!"

ஏலச் செடிகளுக்குள் புகுந்து மரத்தில் முட்டி நின்றோம். அவளுக்கு முழங்கை முறிந்தது. இன்றும் அவள் தலை பின்னச் சிரமப்படும்போது நான் வேறெங்கோ பார்க்கிறேன்.

இப்போது பந்தய லைனிங்கை ஓடுதளத்தில் மாட்டி, அங்கேயே கழற்றிவிடுகிறேன். வீட்டுக்குச் சாதா லைனிங்தான். மலையில் இறங்குமுன் சமதரையில் மிதித்துப் பார்க்காமல் நகர்வதில்லை.

மகளைப் பார்க்க வந்த மாமனாரிடம் லைனிங்கின் குணத்தை விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "எந்தப் பந்தயத்துலயும் உங்களுக்குப் பின்னால ஒரு காரு வந்து நான் பார்த்ததில்லீங்க மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்குங்க அத்தனை நல்ல பிரேக்கு?"