ஜெகநாதன் கட்டிய கூடம்

டாலிகஞ்ச் பகுதி ஜெகநாதன் தீவின் மின்துறை ஊழியர். எதையும் கேட்டதற்கு மேல் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கேட்டால், மூடிக்குக் கைப்பிடி, கைப்பிடிக்குப் பெயிண்ட் என்று போய்க்கொண்டே இருப்பார்.

அவர் மனைவி சந்திரமதி மீன் படம் வரைபவர். ஜங்லிகாட் சந்தையிலிருந்து வரும் மீன், தாளில் ஏறிய பிறகுதான் குழம்புக்குப் போகும்.

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெயின்லேண்ட்காரங்களும் இதைப் பார்க்க வேணாமா?" என்று ஒருநாள் ஆரம்பித்தார் ஜெகநாதன். கண்காட்சிக் கூடத்துக்குள் உலாவுவதுபோல் படங்களைப் பார்க்க, இணையதளம் ஒன்றைத் தானே வடிவமைக்கப் போகிறாராம்.

"படத்தை வரிசையா போட்டா போதாதா?"

"அரே, நீ சும்மா இரு. ஆளுங்க உள்ள நடந்து வரணும்!"

திரையில் பளிங்குத் தரை வந்தது. தூண்கள், சரவிளக்கு, நடுவில் சிவப்பு வெல்வெட் சோபா. வாசலில் ஒரு நாய் நிறுத்தவும் ஆசைதான். வருகிறவர்கள் பயப்படுவார்களே என்று விட்டுவிட்டார்.

தளம் திறந்த அன்று சிக்னல் மந்தம். சரவிளக்கு முதலில் எரிந்தது, அப்புறம் தூண்கள் முளைத்தன. மீன்கள் வருவதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

பொறுத்துப் பார்த்தவர் ஜங்லிகாட்டில் துணிக்கடை வைத்திருக்கும் இர்பானா. உடனே போன் செய்தார். "அக்கா, பஹுத் படியா, ரொம்பப் பிரமாதம்! அந்த சோபா எங்க வாங்கினீங்க?"

"மீனு எப்படி இருக்கு?"

"மீனா? அது எங்க இருக்கு?"

சந்திரமதி கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்த ஜெகநாதனுக்குக் காது சுட்டது. மவுஸைப் பிடித்து உட்கார்ந்தவர், தூண்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தார். சொந்த வீட்டை இடிப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. கடைசியில் வெள்ளைச் சுவர் மட்டும் நின்றது. அதில் கண்ணுக்கு நேரே பெரிய பெரிய மீன்கள். தளம் சட்டென்று திறந்தது.

இர்பானா மறுபடி கூப்பிட்டார். "யா அல்லா! அக்கா, இந்தக் கிளிமீன் என்னையே முறைக்குது. எங்க கடைச் சுவத்துக்கும் ஒண்ணு வரைஞ்சு தாங்க."

சந்திரமதி சிரித்தபடி திரையை எட்டிப் பார்த்தார். மூலையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

"இது என்னங்க?"

"சோபா... தூக்க மனசு வரல."

"ஓரமாத்தானே இருக்கு, விடுங்க. நடந்து வர்றவங்களுக்குக் கால் வலிக்கும்ல?"

கேலியா அனுமதியா என்று ஜெகநாதனுக்குப் புரியவில்லை. அனுமதி என்றே எடுத்துக்கொண்டார்.