பேலன்ஸ் குமிழ்

செங்கல்பட்டு வீட்டில் எங்கள் ஸ்டீரியோவின் ஒரு ஸ்பீக்கர் கூடத்தில், இன்னொன்று சமையலறையில். அப்படிப் பிரித்து வைக்கக்கூடாது என்று எனக்கோ என் மனைவிக்கோ தெரியாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் பெட்டியில் பேலன்ஸ் குமிழ் ஒன்று உண்டு. இடப்பக்கம் திருப்பினால் கூடத்தில் சத்தம் கூடும், வலப்பக்கம் திருப்பினால் சமையலறையில். தினமும் அதற்குத்தான் சண்டை. ஈரக் கையோடு வந்து தன் பக்கம் திருப்பிவிட்டுப் போவாள். நான் எழுந்து என் பக்கம் திருப்புவேன்.

"பாட்டே வர்ல, வெறும் பிடிலுதான் வருது" என்பாள்.

"உனக்குக் காதுதான் சரியில்ல" என்பேன்.

அவள் இறந்து இரண்டு வருஷம் கழித்து ப்ரீஆம்ப் உறுமத் தொடங்கியது. மெக்கானிக்கை அழைத்தேன்.

"சிடி பிளேயர்லயே வால்யூம் கீது சார். நேரா பவர் ஆம்ப்ல சொருகிக்கலாம். இது இன்னாத்துக்கு?"

ப்ரீஆம்பைக் கழற்றி, சமையலறை ஸ்பீக்கரையும் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான், துளி இரைச்சல் இல்லை. பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். என் ஸ்பீக்கரில் வழக்கமான குரல். அவளுடையதன் அருகே போய்க் காதை வைத்தேன்.

வெறும் பிடில்தான் வந்தது.