கப்பலை ஒப்படைத்த காலை

கடந்த கோடை விடுமுறையில் என் மகள் பெனிட்டாவின் இதயத்தில் ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு இன்ஜினியர். எதையும் வரிசைப்படுத்திச் செய்துதான் பழக்கம். பரிசோதனைகள், ரத்தம் கொடுப்பவர்கள், விடுப்பு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டேன். ஜெபம் மட்டும் வரவில்லை. முழங்காலிட்டால் அழுகைதான் வந்தது.

அவள் பயப்படாமலிருக்கத் தினமும் ஒரு கதை சொன்னேன். அவள் கட்டில் ஒரு கப்பல். கடல் எங்கள் பயம். மூடுபனி மயக்க மருந்து. அதைத் தாண்டினால் வெளிச்சத் தீவு. அது ஆண்டவர் தரும் சுகம். பேசும் மீன்கள் கூடவே நீந்தி வரும். கப்பலை ஓட்டுவது நான்.

பெனிட்டா அந்தக் கப்பலை வரைந்தாள். முன்புறம் எங்கள் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரம்.

“அலை வந்தா வெட்டித் தள்ளிடும்மா.”

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டாள்.

“உள்ள நீ வரக் கூடாதாமே. அப்ப உனக்கு ரிலீவர் யாரு?”

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பேற்காமல் சுரங்கத்தில் யாரும் இயந்திரத்தை விட்டு இறங்குவதில்லை. அங்கேயே ஷிப்ட் பார்க்கும் அவள் அப்பா, ரிலீவர் வராமல் தாமதமாக வரும்போதெல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்த வார்த்தை அது. என் கதையில் அந்த ஆளையே நான் வைக்கவில்லை.

“சண்டே கிளாஸ் கதையில கடலை அதட்டுனாரே ஆண்டவர், அவரு வருவாரா?”

“வருவாருடி.”

“டைமுக்கு வருவாரா? இல்ல, அப்பாவோட ரிலீவர் மாதிரியா?”

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். “இவரு லேட்டே பண்ண மாட்டாருடா தங்கம்.”

கதவு மூடியது. அங்கேயே முழங்காலிட்டேன். “ஆண்டவரே, ஷிப்டை ஒப்படைக்கிறேன். இனி உங்க பொறுப்பு.” அவ்வளவுதான் ஜெபம். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு அமைதியாக உட்கார்ந்தேன்.

மருத்துவர் வெளியே வந்தார். “ஓட்டையை அடைச்சாச்சும்மா. நல்லா இருக்கா.”

கண் விழித்தவளிடம் கேட்டேன். “இப்ப அம்மா ஏறிக்கட்டுமா?”

“ஏறிக்கோ. ஆனா பக்கத்துல உக்காரு. அவரே ஓட்டட்டும்.”

இன்று அவள் எங்கள் குடியிருப்பின் பிளாக் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறாள். பின்னால் ஓடினால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. நான் இப்போதும் எல்லாவற்றையும் திட்டமிடுகிறேன். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் அவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

அன்பானவர்களே, கை வலிக்க வலிக்க எந்தச் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ, அதை அவரிடம் கொடுங்கள். நேரத்துக்கு வருவார். பாதியில் இறங்க மாட்டார். என் வீட்டில் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் நான் அவரைத் துதிக்கிறேன்.