ஒரே பஸ்ஸில் இரண்டு பத்தியம்

நான் இளைத்துப் போனதை முதலில் பாராட்டியவர் கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய்தான். "கண்டக்டரே, தொப்பையே காணோமே! என்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க, நானும் அதையே சாப்பிடுறேன்" என்றார். அன்று காலையிலிருந்து எனக்கு ரத்தம் கலந்து போய்க்கொண்டிருந்தது. கால்களில் வலுவில்லாமல் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிரித்து வைத்தேன். அதன் பிறகு எத்தனையோ பேரிடம் அதே சிரிப்பைச் சிரித்திருக்கிறேன்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். இந்த வேலைக்கு வயிற்று நோயைப்போல ஆகாதது வேறில்லை. தலைகுந்தா தாண்டினால் காடு, பைக்காரா தாண்டினால் மறுபடி காடு. நடுவட்டத்தில் ஓர் ஓட்டலின் பின்புறம், கூடலூரில் பஸ் ஸ்டாண்ட். இடையில் எங்கே ஒதுங்கலாம் என்று பாதை முழுக்க எனக்கு மனப்பாடமாகிவிட்டது. காலையில் எதுவும் சாப்பிடாமல் ஏறினால் கொஞ்சம் தைரியம் இருக்கும். அப்படிப் பட்டினி கிடந்தே பாதி உடம்பு போயிற்று.

கோயம்புத்தூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலில் புண் என்றார். வரும், போகும், முழுக்க விடாது என்றார். மாத்திரை எழுதினார். பக்கத்து அறையில் இருந்த, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா நிதானமாகப் பேசினார்.

"அரிசி, கோதுமை, ராகி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பால் எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் சார். சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்ல. ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க. இது மாத்திரைக்குப் பதில் இல்ல, மாத்திரையோட சேர்த்து."

"அப்ப நான் என்னதாங்க சாப்பிடறது?"

முட்டை, கோழி சூப், குழைய வேகவைத்த கேரட், பூசணி, பீன்ஸ், தோலில் கறுப்புப் புள்ளி விழும் அளவுக்குப் பழுத்த வாழைப்பழம், தேன், ஒரு நாள் முழுக்கப் புளிக்க வைத்த வீட்டுத் தயிர். சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக, "இளைக்கக் கூடாது சார். இது வயித்துக்காக, எடைக்காக இல்ல. பசிச்சா இன்னொரு தடவை சாப்பிடுங்க" என்றார். எடைக்காக இல்லை என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை. சோற்றை விட்டவன் இளைக்கத்தான் விட்டிருக்கிறான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது.

ஊட்டிக் குளிரில் தயிர் உறைவதே பெரும்பாடு. அதை ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும் என்றதும் என் மனைவி என்னையே பார்த்தாள். சட்டியை ஹாட்பாக்ஸுக்குள் வைத்தாள். என் பழைய ஸ்வெட்டரைச் சுற்றினாள். அடுப்பு மேடையில் ஒட்டி வைத்தாள். ஜூலை மழையில் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் சட்டியைச் சுடுதண்ணீர்க் குண்டானுக்குள் இறக்கி, ஆற ஆறத் தண்ணீர் மாற்றினாள். எனக்கு ஒரு சமையல், அவளுக்கும் மகளுக்கும் ஒரு சமையல். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஏனுங்க, எனக்குச் சோறு ஆக்கித் திங்கறதுக்கே சலிப்பா இருக்குதுங்க. நீங்க பார்த்துட்டு இருக்கறப்ப தொண்டைல இறங்க மாட்டேங்குது." நான் பார்க்காத நேரத்தில் சாப்பிடச் சொன்னேன்.

நடுவட்டத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், என் அம்மா இன்னும் இருக்கிறாள். சிலோனிலிருந்து சிறுமியாக வந்தவள். நான் வரும் பஸ் எதுவென்று தெரிந்து, சில நாள் ரோட்டில் வந்து நிற்பாள். தேங்காய்ச் சம்பலும் கோதுமை ரொட்டியும் தருவது வழக்கம். வேண்டாம் என்றதும் பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் மகன், சோறும் இல்ல, ரொட்டியும் இல்லன்னா மனுசன் என்னத்தத்தான் திங்கிறது? பஞ்சத்துலகூட எங்களுக்கு ஒரு ரொட்டி கெடச்சிச்சே." பஸ் புறப்பட வேண்டியிருந்தது. விசில் அடித்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் டிரைவர் அண்ணனும் சோற்றை விட்டார். அவருக்கு மேட்டுப்பாளையம் பக்கம் சொந்த ஊர். கனத்த உடம்பு; ஸ்டியரிங் வயிற்றில் உரசும். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். எடையைக் குறைக்கச் சொல்லிப் பரிசோதனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். செல்போனில் யாரோ பேசிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறும்போதே அறிவித்தார்.

"தம்பி, நானும் சோத்த உட்டுட்டேனுங்க. இனி உங்களுக்கும் எனக்கும் ஒரே பத்தியம். எங்க ஊட்டுல ரெண்டு பேருத்துக்கும் சேத்தே கட்டித் தரச் சொல்லிட்டேன். உங்க ஊட்டுல அந்தப் புள்ள ரெண்டு சமையல் ஆக்குது, பாவம்."

கடைசியாகச் சொன்னதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அண்ணனின் மனைவி கைப்பக்குவம் நன்றாக இருக்கும். முட்டையும் கறியும் நெய்யும் வந்தன. என் மனைவி கொஞ்ச நாள் ஓய்வாக இருந்தாள். அண்ணன் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் காட்டினார். எனக்கும் ஓட்டை போடத்தான் வேண்டியிருந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டாதது நடந்துகொண்டிருந்தது. ஆனால் டிப்போவில் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி, "ஜோடியா இளைச்சுட்டீங்களே" என்றார்கள்.

பிறகு டப்பாவில் பச்சை முட்டைக்கோஸும் வெள்ளரியும் பாதாமும் வர ஆரம்பித்தன. என் பத்தியத்தில் பச்சைக் காயும் கொட்டையும் கூடாது. சொன்னேன். "நார்ச்சத்துங்க தம்பி, வயித்தக் கழுவி உடும். எங்க ஊட்டுல உங்களுக்குன்னே பொடியா நறுக்கி வெச்சிருக்கறா" என்றார். அண்ணனின் மனைவி எனக்கென்று நறுக்கியதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. சாப்பிட்டேன்.

மறுநாள் பைக்காரா தாண்டியதும் வயிற்றை முறுக்கியது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. முன்னால் போய், "அண்ணா, நிறுத்துங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஓரம் கட்டினார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தைல மரங்களுக்குள் ஓடினேன். மஞ்சு மூட்டமாக இறங்கியிருந்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு மறைப்பு. வெகுநேரம் எழ முடியவில்லை. ரோட்டுப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. டூரிஸ்டுகள் கொஞ்சம் பேர், போட்டோ எடுக்கத்தான் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்து இறங்கி, மஞ்சில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்ததும் ஒருவர், "இன்னும் அஞ்சு நிமிஷம் கிடைக்குமா சார்?" என்றார். "போதும், ஏறுங்க" என்றேன். அண்ணன் ஹாரன் அடித்து எல்லோரையும் உள்ளே சேர்த்தார்.

நடுவட்டத்தில் டீக்கு நின்றபோது சொன்னேன். "அண்ணா, நாளையிலிருந்து எனக்கு டப்பா வேண்டாங்க. இது உங்க பத்தியம். என்னோடது வேற."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னுங்க வேற? நீங்களும் சோறு திங்கறதில்ல, நானும் திங்கறதில்ல. அப்படிப் பார்த்தா நீங்க வாழப்பழம் திங்கறீங்க, தேன நக்கறீங்க. அது இனிப்புத்தானுங்களே? ஊர ஏமாத்துற பத்தியமுங்க அது."

"உங்களுக்குச் சர்க்கரை ஏறக் கூடாது, கொழுப்புக் கரையணும். எனக்குக் குடல்ல தங்கிப் புளிக்கறது உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான். நான் இளைக்கக் கூடாதுண்ணா. ஒவ்வொரு கிலோ குறையறப்பவும் எனக்குப் பயமா இருக்குது."

பயம் என்ற வார்த்தையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போய் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு வாரம் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். வீட்டில் சுடுதண்ணீர்க் குண்டான் மறுபடி அடுப்பேறியது.

அவர் தன் பத்தியத்தை விடவில்லை. இன்னும் சீக்கிரம் குறையும் என்று காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். ஆனால் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் கூடலூரிலிருந்து மேலே ஏறி வரும்போது, வளைவுகளில் கியர் சரியாக விழவில்லை. அவர் கைக்கு அப்படி நடக்காது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தேன். அந்தக் குளிரில் அவர் பிடரி நனைந்திருந்தது.

"அண்ணா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குது."

"ஓரம் கட்டுங்க. இப்பவே நிறுத்துங்க."

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு அகலமான இடத்தில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்ட கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என் பையிலிருந்து வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன். அந்த நிலைமையிலும் தலையை ஆட்டினார். "அது எனக்கு ஆகாதுங்க தம்பி."

"இப்ப ஆகும். சர்க்கரை எறங்கிடுச்சு, தின்னுங்கண்ணா."

தின்றார். தேன் பாட்டிலையும் வாயில் வைத்தேன். முன் சீட்டிலிருந்த ஒரு பெண் தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. டிப்போவுக்குப் போன் செய்தேன். பின்னால் வந்த பஸ்ஸில் ஆட்களை ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் அங்கேயே காத்திருந்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி நெறைய சனமுங்க தம்பி" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சோற்றைக் குறைத்தால் மாத்திரையையும் குறைக்க வேண்டும், தன்னிடம் கேட்காமல் சோற்றை எப்படி விட்டாய் என்று அவருடைய டாக்டர் திட்டினாராம். மாத்திரையை மாற்றி, காலையில் ஏதாவது கட்டாயம் சாப்பிடச் சொன்னார். கொஞ்சம் ராகிக் களி, நிறையக் காய், மாலையில் நடை. வீடியோக்காரர் சொன்ன வேகத்தில் இல்லாவிட்டாலும் எடை குறைந்தது. அவர் மறுபடி என்னிடம் டப்பா நீட்டவில்லை. ஆனால் பைக்காரா நெருங்கும்போதெல்லாம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் வேகமெடுப்பார்.

அடுத்த முறை குழாய் விட்டுப் பார்த்தபோது புண் பாதிக்கு மேல் ஆறியிருந்தது. "சாப்பாட்டாலயா டாக்டர், மாத்திரையாலயா?" என்று கேட்டேன். "தெரியல. ரெண்டும்னு வச்சுக்குவோம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். குழைந்த சோறு கொஞ்சம் ஒத்துக்கொண்டது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன். போன எடையில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது. ரத்தம் நின்று பல மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒவ்வொரு காலையும் கழிவறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அன்றைய நாள் எப்படி என்று எனக்குத் தெரிகிறது. இதற்கு முடிவு என்று ஒன்று இல்லை என்பது பழகிவிட்டது, அலுப்பு மட்டும் பழகவில்லை.

போன தையில் அண்ணன் மேட்டுப்பாளையத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். டிப்போவில் எல்லோரும் சேர்ந்து பிரியாணி வரவழைத்தோம். "இன்னைக்கு ஒரு நாளுங்க" என்று அவர் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். நான் என் கேரட்டையும் கோழியையும் பிரித்தேன். புதிதாக வந்திருந்த கண்டக்டர் ஒருவர், நல்ல சதைப்பிடிப்பான ஆள், என் எதிரே வந்து உட்கார்ந்தார். "சார், நீங்களும் வெயிட் லாஸா? எத்தனை கிலோ எறக்குனீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

வாய் வரை அந்தப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அண்ணன் பிரியாணியை மென்றுகொண்டே கையை நீட்டி மறித்தார்.

"இவருது அந்த டயட் இல்லீங்க. இவருக்குக் குடல்ல புண்ணு. அரிசி உள்ள போனா புளிச்சு நொரைச்சு புண்ணுல போய் ஒட்டிக்கும். இளைக்கறதுக்குத் திங்கல, இளைக்காம இருக்கறதுக்குத் திங்கறாரு. அவரத் தொந்தரவு பண்ணாதீங்க. உங்களுக்கு வேணும்னா மொதல்ல டாக்டரப் பாருங்க, அப்பறமா எங்கிட்ட வாங்க."

பாதி தப்பாகத்தான் சொன்னார். அரிசி போய்ப் புண்ணில் ஒட்டிக்கொள்வதில்லை. நான் திருத்தவில்லை. எனக்காக வேறொருவர் அதைச் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. கேரட் ஆறிப்போயிருந்தது. தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.