"எதை விட்டீங்க?" என்று கேட்ட டாக்டர்

எதை எழுதினாலும் முதலில் குறித்துக்கொண்டு எழுதுவது என் பழக்கம். இல்லாவிட்டால் பாதியில் தடுமாறிவிடுவேன். ஆகவே:

1. டாக்டர் அருளப்பன் மறைந்த செய்தி வந்தது.
2. நோயாளிகளிடம் அவர் கேட்ட கேள்வி.
3. சபாபதி ஐயாவின் கால் நோய். நிலத் தகராறில் டாக்டர் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது.
4. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

போன வாரம் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது டாக்டரின் மகள் போன் செய்தார். "அப்பா காலைல போயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே." நான் "சரிம்மா" என்றேன். என் முறை வந்ததும் உள்ளே போய் வாயைத் திறந்து காட்டினேன். வைத்தியர் "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நல்லதாயிற்று.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மருத்துவர். நான் ரத்தம் பரிசோதிக்கிறவன். அங்கே அவரோடு இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நினைவிருக்கும். "என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லதா நாலு சொல்லுவாங்க. எதை விட்டீங்கன்னு கேளுங்க, அப்பத்தான் விஷயம் வரும்" என்பார். கர்ப்பிணிகளிடமும் கேட்பார், காய்ச்சல்காரர்களிடமும் கேட்பார். அது வெறும் வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சபாபதி ஐயா வரும்வரை.

குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. ஊருக்கு ஊர் தகராறு. சபாபதி ஐயாவின் நிலத்தை உழுதவர் வீரையன். பதிவு கேட்டு அவர் மனுப் போட்டார். வெறும் கூலியாள்தான் என்று ஐயா எதிர்த்தார். வழக்கு சில வருடங்கள் இழுத்தது. ஒரு பெரிய மனிதர் நடுவில் வந்து இருவரையும் வயலில் வைத்துப் பேசினார். பேச்சு முறிந்தது. ஆனால் அன்று வீரையன் வெட்டிக் கொடுத்த இளநீரை ஐயா குடித்திருந்தார். சில வாரங்களில் ஐயாவுக்குப் பாதம் மரத்தது. பிறகு எரிந்தது. இருட்டில் நடந்தால் தள்ளாடி விழுந்தார். வீரையன் மருந்து வைத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

ஐயாவைக் காரில் அழைத்துவந்த தம்பி நடராஜன் நேராகவே சொன்னார்: "விஷம்னு ரிப்போர்ட் எழுதுங்க டாக்டர். மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்." வெளியே நாலைந்து உறவுக்காரர்கள் நின்றார்கள்.

டாக்டர் ஐயாவின் நாக்கைப் பார்த்தார். சிவந்து வழவழவென்று இருந்தது. "என்னங்கய்யா சாப்பிடறீங்க?"

"சுத்த சைவம். கீரை, பருப்பு, காய்கறி, எல்லாம் நம்ம கொல்லையில வெளையறது."

"எதை விட்டீங்க?"

ஐயா தம்பியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பால், தயிர், மோர், நெய். அந்த வயல் நெல் என் களத்துக்கு வர்றவரைக்கும் தொடறதில்லைன்னு இருக்கேன். வீரையன் மனுப் போட்ட அன்னிக்கு எடுத்த முடிவு."

அதற்குள் நான் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன். டாக்டரின் காதருகே போய், "சிவப்பணுவெல்லாம் ரொம்பப் பெரிசா இருக்கு சார். நான் தப்பாப் பார்த்திருக்கலாம்" என்றேன்.

"நீங்க பயந்து பார்த்தா சின்னதாவா ஆயிடும்? சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"ஐயா, பி பன்னிரண்டுன்னு ஒரு சத்து. செடி கொடியில அது கிடையாது. எத்தனை கீரை சாப்பிட்டாலும் வராது. சைவக்காரங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதையும் நீங்க அடைச்சுட்டீங்க. உடம்புல சேர்த்து வச்சது தீர்ற வரைக்கும் தெரியல, இப்பத் தீர்ந்துடுச்சு. இளநீர்ல ஒண்ணும் இல்ல."

நடராஜன் விடவில்லை. "வீரையன் வீட்டுல பாலே கிடையாது. அவனுக்கு ஏன் வரல?"

"அவர் வயல் நண்டு பிடிச்சுச் சாப்பிடறார். வாய்க்கால் மீன் சாப்பிடறார். உங்க நிலத்துலேர்ந்து அந்தச் சத்து மட்டும் கேஸ் முடியறதுக்கு முன்னாடியே அவர் பேருக்கு மாறிடுச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மரத்த காலோடு உட்கார்ந்திருந்த ஐயாவின் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

சிவப்பு ஊசி மருந்தைப் பார்த்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். "இது ஈரல்லேர்ந்து எடுக்கறதாமே?"

"முன்ன ஈரல் சத்துதான் போட்டாங்க. இது நுண்ணுயிரை வளர்த்து எடுக்கறது."

"அதுவும் உயிர்தானே?"

"தயிரும் அப்படித்தாங்கய்யா ஒறையுது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே நீங்க?"

ஐயா கையை நீட்டினார்.

நடராஜன் மட்டும் வாசலில் நின்று, "அண்ணன் நம்பட்டும். நாங்க இன்னிக்கு வீரையனைப் போய்ப் பார்க்கத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் சைக்கிளை எடுத்தார். என்னிடம், "நீங்க லேபைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். போனேன்.

மற்றதை வீரையன் பின்னாளில் சொன்னார். டாக்டர் அவர் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்டாராம். நண்டுக் குழம்பு இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தடிகளோடு ஆட்கள் வந்தார்கள். டாக்டர் தட்டோடு எழுந்து நின்றார். "மூணு மாசம் பொறுங்க. அவர் கால் தேறலைன்னா விஷம்னு நானே எழுதித் தர்றேன். அதுக்கு முன்னாடின்னா என்னை அடிச்சுட்டு உள்ள போங்க." அரசாங்க டாக்டரை அடிக்க யாரும் துணியவில்லை.

அந்த மூன்று மாதமும் ஊரே ஐயாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நரம்பு தேறும் என்று டாக்டருக்கும் உறுதி கிடையாது. சில சமயம் தேறாது என்று என்னிடம் சொல்லியிருந்தார். முதலில் நாக்குப் புண் ஆறியது. எரிச்சல் மெல்லக் குறைந்தது. கெடு முடிவதற்குள் ஐயா கம்பை ஊன்றி, வரப்பு வழியாகத் தம்பி வீட்டுக்கு நடந்தே போனார். "எனக்கு யாரும் எதுவும் வைக்கல. கேஸ் கேஸா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வழக்கில் வீரையன் பெயர் பதிவானது. ஐயா பாலைக் கடைசிவரை தொடவில்லை. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டார். டாக்டருக்கு அந்த வருடமே மாறுதல் உத்தரவு வந்தது. காரணம் சொல்லப்படவில்லை. "காவிரித் தண்ணி எங்க போனாலும் கிடைக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. நானும் சைவம்தான். சைவக்காரர் யாராவது பாலையும் விட்டுவிட்டேன் என்றால், ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தயங்கித் தயங்கியாவது சொல்லிவிடுகிறேன்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. அடிபட இருந்தவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தவர் எந்தப் பக்கமும் சாயாதவர் அல்ல. அன்று எந்தப் பக்கமும் சாயாமல் லேபைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான்.