பால்ராஜ் கேப்ஸ் சொல்லாத சனிக்கிழமை

என் மாமா தியாகராஜா சட்டம் படித்தவர் இல்லை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் எந்த வீட்டில் சீட்டாடிச் சண்டை போட்டாலும் டெலிபோன் மணி மாமா வீட்டில்தான் அடிக்கும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்விடுவார். "ஹைகோர்ட்டு கூடியாச்சு. ரசம் ஆறட்டும்" என்று யோகம்மா மாமி தட்டை மூடி வைப்பார்.

அவர் தீர்ப்புச் சொன்ன ஆட்டத்துக்குப் பெயர் முந்நூற்று நாலு. எங்கள் ஆட்களுக்கு அது சோறு மாதிரி. நான்கு பேர் உட்காருவார்கள், எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. சுற்றுக்கு ஒரு பிடி, ஆக எட்டுப் பிடி. துரும்பு என்று ஓர் இனத்தை வைப்பார்கள், அது மற்ற மூன்று இனத்தையும் வெட்டும். இவ்வளவுதான் என்றால் சண்டையே வராது. எட்டுப் பிடியும் ஒரே கட்சிக்குத்தான் என்பது ஆட்டத்தின் நடுவிலேயே நிச்சயமாகிவிட்டால், அந்த நிமிஷமே சீட்டைக் கீழே விரித்து "கேப்ஸ்" என்று சொல்லிவிட வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் கடைசிவரை ஆடி எதிராளியைத் தவிக்கவிட்டால் ஜெயித்த ஆட்டம் தோற்ற ஆட்டமாகிவிடும். வில்லங்கமெல்லாம் இங்கேதான். "உனக்கு முன்னாலேயே தெரியும்" என்பான் தோற்றவன். "சத்தியமா கடைசியிலதான் தெரிஞ்சது" என்பான் ஜெயித்தவன். யார் மனதுக்குள் யார் புகுந்து பார்ப்பது?

மாமா அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார். விழுந்த சீட்டுகளை ஒவ்வொரு சுற்றாக மேஜையில் மறுபடி விரிப்பார். யார் எதை எப்போது போட்டான் என்பது அவருக்குப் பிசகாது. ஓரிடத்தில் விரலை வைத்து, "தெரிஞ்சிச்சா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. தெரிஞ்சிருக்கணுமா? அதான் கேள்வி" என்பார். அதோடு வாய்கள் மூடிக்கொள்ளும். எனக்கு அந்த வாக்கியம் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அதில் மனுஷனுக்கு இடமே இல்லை என்று தோன்றும். ஆனால் மருமகள் சொல்லி மாமா கேட்கிற குடும்பமா எங்களுடையது?

பால்ராஜ் அங்கிள் எங்கள் ஆள் இல்லை. அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த கத்தோலிக்கர். மாமாவுடைய ஆபீஸிலேயே பக்கத்து மேஜை. மத்தியான இடைவேளைகளில் மாமாதான் அவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் குருவுக்கே தண்ணி காட்டும் அளவுக்கு ஆடினார் அவர். ஓய்வு பெற்று, கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் மகள் லீனா வீட்டோடு போய்விட்ட பிறகும் சனிக்கிழமை தவறாது. பஸ் பிடித்து, பெர்ரிக் கப்பல் ஏறி, இக்கரை ஜெட்டித் துறையில் இறங்கி மறுபடி பஸ் பிடித்து எங்கள் சங்கத்து மண்டபத்துக்கு வந்துவிடுவார். மழையோ வெயிலோ, கையில் ஒரு கறுப்புக் குடை. மாமாவுக்கு எதிர் நாற்காலி அவருடையது. தைப்பூசத்துக்கு எங்கள் சங்கம் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டால் மோர் ஊற்ற முதல் ஆளாக நிற்பார். "மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா அங்கிள்?" என்று நான் சீண்டினால், "மோருக்கு எல்லாம் மதம் கிடையாது லா" என்பார்.

மாமாவுக்குப் பிள்ளை இல்லை. கூடப்பிறந்த ஒரே அண்ணன் சுந்தரமும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வாரம் முழுக்க உம்மென்று இருக்கும் மனுஷன் சனிக்கிழமை காலையிலேயே சட்டை தேய்க்க ஆரம்பித்துவிடுவார். இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பத்தாறில், தீபாவளிக்கு முந்தின வாரம், சங்கத்தில் வருஷாந்திரக் கோப்பைப் போட்டி. மாமா நடுவர் என்பதால் ஆடவில்லை. பால்ராஜ் அங்கிள் தம்பு என்கிற பள்ளிக்கூட வாத்தியாரோடு ஜோடி சேர்ந்து இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே அம்பிகைபாகனும் அவர் தம்பியும். அம்பிகைபாகன் சங்கத்துச் செயலாளர், நாக்கு நீளமான ஆள். மண்டபம் நிறைந்திருந்தது. நான் கோப்பித் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஐந்து பிடியும் பால்ராஜ் அங்கிள் கட்சிக்கே. துரும்பு மொத்தம் எட்டுச் சீட்டு. ஐந்து விழுந்துவிட்டன, மிச்சம் மூன்றும் அவர் கையில். போட வேண்டிய முறையும் அவருடையது. பச்சைக் குழந்தைக்கும் தெரியும், இனி ஒருவரும் அவரை வெட்ட முடியாது என்று. விரித்துவிட்டுக் கேப்ஸ் சொன்னால் கோப்பை வீட்டுக்கு. அவர் சொல்லவில்லை. ஒரு சீட்டைப் போட்டார். தம்பு வாத்தியாருக்கு முகம் வியர்த்துவிட்டது. ஜோடியிடம் பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது. பாவம், கூரையைப் பார்த்தார். அங்கிள் ரொம்ப நேரம் யோசித்து இரண்டாவதைப் போட்டார். பிறகு கடைசிச் சீட்டு. எட்டையும் அள்ளிக்கொண்டு சிரித்தார்.

"பால்ராஜ், எப்போ தெரிஞ்சது?" என்று அம்பிகைபாகன் கேட்டார்.

"என்ன தெரிஞ்சது?"

மண்டபமே சிரித்தது. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து வழக்கம்போலச் சீட்டுகளைச் சுற்றுச் சுற்றாக விரித்தார். ஐந்தாவது சுற்றின் முடிவில் விரல் நின்றது. "இங்கேயே கேப்ஸ் சொல்லியிருக்கணும். ஆட்டம் அம்பிகைபாகனுக்கு."

பால்ராஜ் அங்கிள் எழுந்து நின்றார். "எனக்குத் தெரியல தியாகு. நிஜமா எனக்குத் தெரியல."

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. கோப்பைக்காக வாதாடுகிறவனின் குரலாக அது இல்லை. வழி தவறின ஆள் தெருவில் யாரையாவது பிடித்து விசாரிக்கிற மாதிரி இருந்தது. மாமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சிச்சா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல" என்று ஆரம்பித்து வழக்கமான வாக்கியத்தை முடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சிநேகிதனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பில் இன்னொன்றும் சேர்த்தார். "இத்தன வருஷம் ஆடினவன் தெரியலன்னு சொன்னா யார்ரா நம்புவா? பொய் சொல்லாத பால்."

தீர்ப்பு விதியில் இருந்தது. பொய் என்ற சொல் விதியில் இல்லை.

அங்கிள் குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய்விட்டார். கோப்பி ஆறிப்போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. "போன் பண்ணுங்களேன்" என்று மாமி சொன்னார். "நான் என்ன தப்பாவா சொன்னேன்? வரணும்னா வரட்டும்" என்றார் மாமா. ஆனால் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டால் அவர் தலை திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். தைப்பூசம் வந்தது, மோர்ப் பானைக்குப் பின்னால் வேறு யாரோ நின்றார்கள். மறு தைப்பூசமும் போயிற்று. இரண்டு கிழவர்களுக்கு இவ்வளவு ரோஷம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு போன் காலில் தீருகிற விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் பெர்ரியில் லீனாவைப் பார்த்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஞாபகம் போச்சுக்கா. என்னையே சில நாள் யாருன்னு கேக்குறாரு. டாக்டர் சொல்றாரு, இது நேத்து வந்தது இல்லயாம், நாலஞ்சு வருஷமாவே உள்ளுக்குள்ள இருந்திருக்காம். நாங்கதான் கவனிக்கல."

நாலைந்து வருஷம் என்றால் அந்தக் கோப்பைக்கு முன்னால்.

மாமாவிடம் சொன்னபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார், என்னிடம் என்று சொல்ல முடியாது. போட்டிக்கு முந்தின மாதம் ஒரே ஆட்டத்தில் பால் இரண்டு தரம் துரும்பு என்ன என்று கேட்டான். ஜெட்டியில் தப்பான பஸ்ஸில் ஏறி ஆயர் ஈத்தாம் வரை போய்விட்டு, அங்கே சந்தையைச் சுற்றிப் பார்க்கப் போனதாகச் சொல்லிச் சிரித்தான். ஒரு நாள், போய்ச் சேர்ந்த அண்ணன் பெயரைச் சொல்லி என்னைச் சுந்தரம் என்று கூப்பிட்டான், நான் கேலி பண்ணினேன். சீட்டை விரிப்பது போலவே ஒவ்வொன்றாக வரிசை பிசகாமல் விரித்தார். கடைசியில் விரலை மடியில் இருந்த பேப்பர் மேல் ஊன்றினார்.

"அவனுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவருடைய விதி அது. அதிலிருந்து தப்பிக்க ஒருவருக்கும் அவர் வழி விட்டதில்லை.

உடனே கிளம்பினாரா? அதுவும் இல்லை. அடுத்த வாரம் என்றார், முட்டி வலி என்றார், மழை என்றார். பயம்தான், வேறென்ன. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, இதுக்கும் லேட்டாத்தான் கேப்ஸ் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் மறுநாள் காலை சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சனிக்கிழமை.

என் காரோடு பெர்ரி ஏறி லீனா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பால்ராஜ் அங்கிள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணி, முழுக்கைச் சட்டை போட்டு, பக்கத்தில் குடையோடு. "சனிக்கிழமைன்னா அப்பா இப்படி ரெடியாயிடுவாரு. எப்படித்தான் கிழமை தெரியுதோ" என்று லீனா மெதுவாகச் சொன்னாள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, உக்காருங்க. நீங்க எந்த ஆபீஸ்?" என்றார் அங்கிள்.

"பால், நான் தியாகராஜா."

"அப்படியா! எனக்கும் ஒரு தியாகு இருக்கான், பினாங்குல. கெட்டிக்காரன். ஒரு விஷயம் சொல்லட்டுமா? என் கேஸ் ஒண்ணு அவன்கிட்ட இருக்கு. கேப்ஸ் கேஸ். நான் பொய் சொல்லிட்டேன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. தியாகுவுக்குத் தெரியும், நான் பொய் சொல்ற ஆளு இல்லன்னு. இன்னைக்கு வந்து சொல்லிடுவான்."

மாமா லீனாவிடம் ஒரு சீட்டுக்கட்டு கேட்டு வாங்கினார். அன்றைய ஆட்டத்தை அப்படியே, சுற்றுச் சுற்றாக, சின்ன மேஜையில் விரித்தார். மூன்று வருஷமாக அது அவருக்குள் அழியாமல் கிடந்திருக்கிறது. ஐந்தாவது சுற்றில் விரல் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. கையை எடுத்துச் சிநேகிதரின் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியல. நீங்க சொன்னது நிஜம். பொய்யின்னு சொன்னதுதான் தப்பு. கோப்பை உங்களுக்குத்தான்."

அங்கிள் சீட்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது, எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. மாமாவின் கைமேல் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க ரொம்ப நல்ல மனுஷன்ங்க. ஆனா நீங்க சொன்னா செல்லாதே. தியாகு வந்து சொல்லணும்."

திரும்பும்போது பெர்ரியில் மாமா காரை விட்டு இறங்கவே இல்லை. நான் கோப்பி வாங்கிக் கொடுத்தேன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் மாமா வீட்டில் இருந்தபோது அம்பிகைபாகன் போன் பண்ணினார். மண்டபத்தில் பெரிய சண்டையாம், ஒரு கேப்ஸ் விஷயம், இரண்டு பக்கமும் விடமாட்டேன் என்கிறார்களாம். மாமா முழுக்கக் கேட்டார்.

"நான் சொன்னா செல்லாது, அம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மாமியிடம் குடையை வாங்கிக்கொண்டு, பெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.